அண்ணனூரிலிருந்து வள்ளலாருக்கு

வள்ளலார் ஐயா, எங்கள் அண்ணனூருக்கு முந்தைய ஸ்டேஷன் திருமுல்லைவாயில். அங்கே மாசிலாமணீசுவரர் சன்னதியின் எருக்கந்தூண்களையும், சாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்திருக்கும் நந்தியையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஏழுகிணறுப் பக்கம் குடியிருந்த நாளில் அந்த ஈசன்மேல் நீங்கள் பாடியவை திருவருட்பாவில் இருக்கின்றன. பிரதோஷம் தவறாமல் அம்மா அவற்றைத்தான் பாடுவார். என் காதில் விழுந்த முதல் நல்ல தமிழ் உங்களுடையது.

ஐயா, அப்படி உருகிப் பாடிய நீங்கள்தான் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிவைத்துப் பேசியபோது, வேதம், ஆகமம், புராணம், சைவம், வைணவம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றீர்கள். சைவத்தில் உங்களுக்கிருந்த பற்றும் அறிவு விரியாத காலத்தது என்றீர்கள். ஊர் கொண்டாடும் தம் பாட்டையே தாண்டிப் போக எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! பகுத்தறிவு வந்துவிட்டால் பழைய கடவுள் போயே தீர வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த உரையைத்தான் காட்டுகிறேன். சாதியையும் சடங்கையும் விசாரித்துத் தள்ளினீர்கள். தள்ள முடியாமல் நின்றது தயவு. உங்களை மேலே ஏற்றிவிட்டதும் அதுதான் என்றீர்கள். அறிவின் வேலை கடவுளை இடித்துத் தள்ளுவது என்று நானும் நம்பவில்லை. கடவுள் பெயரால் ஒட்டிக்கொண்ட அழுக்கைச் சுரண்டாத பக்தியையும் நம்பவில்லை. இந்தத் தெளிவு நீங்கள் போட்ட பிச்சை.

ஐயா, அப்பா கார்ஷெட் தொழிலாளி, பெரியார் கட்சி. அவர் 'விடுதலை'யை விரிக்கும் நேரத்தில்தான் அம்மா மணியடிப்பார். அந்த வீட்டில் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பெரியவர் நீங்கள். உங்கள் பாடல்களைத் திரட்டிக் குடி அரசு பதிப்பகம் போட்ட நூல் அப்பாவின் அலமாரியில் இருந்தது. அருட்பா அம்மாவின் சாமிப் படத்தடியில். “இவரு நம்ம ஆளு” என்பார் அப்பா. “அப்ப அவரு பாடுனது யாரையாம்?” என்பார் அம்மா. பதில் வராது, ஆனால் சண்டையும் வராது.

ஐயா, ஒரு தைப்பூசத்துக்கு மூவரும் வடலூர் வந்தோம். ஏழு திரை விலகும் ஜோதியைப் பார்க்க அம்மா உங்கள் ஞானசபைக்குள் போனார். கொலை புலை தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, மீன் சாப்பிடும் அப்பா வெளியிலேயே நின்றுகொண்டார். அந்த விதியில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பிறகு தருமசாலைக்குப் போனோம். 1867 மே 23 அன்று நீங்கள் மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணையாதது. அங்கே என்ன சாதி என்று கேட்கவில்லை, சாமி உண்டா என்றும் கேட்கவில்லை. சோறு போட்டார்கள். அப்பா அடுப்பின் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். அதற்கப்புறம் அம்மாவின் மணிச்சத்தத்தை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஐயா, இப்போது உங்களைச் சனாதனத்தில் சேர்க்கவும் ஆளிருக்கிறது, நாத்திகத்தில் சேர்க்கவும் ஆளிருக்கிறது. என் மகளிடம் அந்த மேட்டுக்குப்பம் உரையான பேருபதேசத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறேன், உங்களோடும் வாதாடச் சொல்லித்தான். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.