செஸியில ஒரு கீறல்

அப்பாவின் பழைய மரக்கறி லொறியில, பின் ஸ்பிரிங் பூட்டுற இடத்துக்குப் பக்கத்துல, செஸியில ஒரு கீறல். விரல் நீளம்தான். ஆனா பாரத்தோட றம்பொடை வளைவுகள்ல இறங்குற லொறி.

வேற வாங்கலாமேன்னு கெம்பஸ் நண்பர்கள் கேட்டாங்க. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய லொறிக்கே விலை ஏறிப்போயிருந்த காலம் அது.

அதனால நானுஓயாவில், எங்கள் லயத்து வாசலிலேயே வேலை. மாமா வெல்டர், லீவுக்கு வந்த நாங்கள் கையாட்கள். முதலில் பெட்டரி வயரைக் கழற்றினோம். கீறல் முடியுற இடத்துல மாமா சின்னத் துளை போட்டார். இல்லாட்டி கீறல் மேலும் ஓடுமாம். கிரைண்டரால் கீறலைத் தோண்டி, வெல்டிங்கால் நிரப்பி, மேலே தகடு வைத்தார்.

தடித்த தகடா போடலாமே என்றோம்.

"செஸி கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும். ஒரு இடத்த மட்டும் இறுக்கினா, ஒட்டின இடம் தாங்கும், பக்கத்து இரும்பு விட்டுரும்," என்றவர், தகட்டின் முனைகளையும் சரிவாகவே வெட்டியிருந்தார்.

கடைசியா அப்பாவைப் பார்த்து, "மூட்டையக் குறைங்க மச்சான்," என்றார்.

அப்பா பேசல. நாங்களும்தான். கலைப்பீடத்துல படிக்கிற எங்க ரெண்டு பேரோட போடிங் காசும் அந்தக் கூடுதல் மூட்டைகள்லதான் வந்துகொண்டிருந்தது.