48வது ரேங்க்

பத்தாம் வகுப்பில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நான்தான் முதல் மதிப்பெண். 500க்கு 463. 450க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் சேர்க்கும் நகரத்துப் பள்ளி ஒன்று, பாதிக் கட்டணத்தில் என்னைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 200க்கு 78. வகுப்பில் 52 பேர். நான் 48வது ரேங்க். ராத்திரி பகலாகப் படித்தேன். அரையாண்டில் 121. ரேங்க் 49! மற்றவர்களும்தான் படித்திருந்தார்கள். 43 மதிப்பெண் கூடியது என் கண்ணில் படவே இல்லை. சுவரில் ஒட்டிய பட்டியல்தான் பட்டது.

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலேயே இதைப் பற்றி எழுதியிருப்பதை முதுகலை படிக்கும்போதுதான் அறிந்தேன். ஒரே அளவு திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்த பள்ளிக்குப் போனவர் தன்னை மட்டமாக நினைத்துக்கொள்வார். சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்தது, பெரிய குளத்தில் பொடிமீன் ஆகிவிடுகிறது. மீன் அதே மீன்தான்.

எங்கள் குளத்தில் சாதியும் கலந்திருந்தது. "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்திரிங்க" என்பார் ஆசிரியர். நான்கு பேர் எழுவோம். அதில் ஒருவன் 6வது ரேங்க். அவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, என் 49ஐத்தான் எடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் சிறுவர்களுக்குப் புதிர் கொடுத்துச் சோதித்தார்கள். சாதியைச் சொல்லாதவரை எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்தார்கள். எல்லோர் முன்னும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். படித்ததும் அந்த ஆசிரியரின் குரல்தான் காதில் கேட்டது.

பன்னிரண்டு முடித்ததும் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தை நான் வாங்கவே இல்லை. ஊர்ப் பள்ளியிலேயே தொடர்ந்து படித்த தோழி, என்னைவிட 60 மதிப்பெண் குறைவு, விண்ணப்பித்தாள். இன்று மின்வாரியத்தில் பொறியாளர். சமூகவியல் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் தேர்ந்தெடுத்துப் படித்தேன் என்று சொன்னால் பொய்.

போன மாதம், தேர்வு வைத்துச் சேர்க்கும் உறைவிடப் பள்ளிக்குப் போன ஒரு தங்கை விடுமுறையில் வந்து அழுதாள். "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறலக்கா, திரும்பி வந்துடறேன்." ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போன வருடத்துக் கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். சிவப்பு மையில் சுழித்திருந்த கணக்குகளைப் பேனாவைக் கொடுத்துப் போடச் சொன்னேன். மூன்றாவது கணக்கில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையாக்கா நான் தப்பாப் போட்டிருந்தேன்?"