பாவா ஆதம் மலையில் ஒரு பகற்பொழுது

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவில் நிமிர்ந்து நிற்கும் மலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும் போற்றுவர். உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவடே இப்பெயர்களுக்குக் காரணம். ஆதிபிதா ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் இதுவென முன்னோர் வழிவழியாகக் கூறி வந்தனர். திருக்குர்ஆன் இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

உலகப் பயணி இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டில் இம்மலையேறினார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி மன்னர் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பி வைத்தார். பாறையில் தொங்கிய இரும்புச் சங்கிலிகளையும், வழியில் கடித்த அட்டைகளையும், அவற்றின் மீது எலுமிச்சைச் சாறு பிழிந்ததையும் அவர் தம் பயண நூலில் விவரித்துள்ளார். இன்று சங்கிலியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படிகள் உச்சி வரை செல்கின்றன. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதம் வரை யாத்திரைக் காலம். பெரும்பாலோர் சூரியோதயம் காண இரவில் ஏறுவர்.

ஹட்டன் பகுதியில் வாழும் எங்களுக்கு இது நாள்தோறும் கண்ணில் படும் மலை. எழுபதைத் தாண்டிய எங்கள் உம்மும்மாவுக்கோ அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. இரவுக் குளிர் அவர்களுக்கு ஆகாது என்பதால், பஜ்ருத் தொழுகைக்குப் பின் குடும்பத்துடன் நடக்கத் தொடங்கினோம்.

அடிவாரத் தேநீர்க் கடைகளின் அருகே மூன்று நாய்கள் எழுந்து எங்களுடன் நடந்தன. இவ்வாறு யாத்திரிகரோடு ஏறி இறங்குவது இங்குள்ள நாய்களின் வழக்கம். உம்மும்மா சிறு வயது முதலே நாய்க்கு அஞ்சுபவர்கள். பிள்ளைகளில் ஒருவன் அவற்றை விரட்டக் கல்லெடுத்தான். தடுத்ததும் அவர்களே. "வாயில்லா ஜீவனை அடிக்காதே வாப்பா, ஒதுங்கி நட, போதும்" என்றார்கள்.

பாதி வழியில் ஒரு நாய் இளையவளின் கையை நக்கிவிட்டது. அவள் கலங்கினாள். ஷாபிஈ மத்ஹபின்படி ஏழு முறை கழுவி, அவற்றுள் ஒரு முறை மண் சேர்த்துக் கழுவினால் தூய்மையாகிவிடும் என்று விளக்கி, அவ்வாறே கழுவினோம். தூய்மை பேணச் சட்டம் உண்டு. ஆனால் துன்புறுத்த அனுமதி இல்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. அதைக் கேட்ட பிள்ளைகள் ஒரு சிரட்டையைத் தேடி எடுத்து நீர் வார்த்தனர். கல்லெடுத்தவனே ரொட்டித் துண்டுகளையும் போட்டான்.

உச்சியில் மேகம் விலகியபோது மவுசாகலை நீர்த்தேக்கமும் தேயிலைச் சரிவுகளும் தெரிந்தன. பௌத்தரும் இந்துக்களும் தத்தம் முறைப்படி வழிபட்டு நிற்க, உம்மும்மா படைத்தவனைப் புகழ்ந்து துஆச் செய்தார்கள்.

இறங்கும் வழியில் ஓய்விடம் ஒன்றில் ளுஹரை நிறைவேற்றினோம். வாசற்படியில் ஒரு நாய் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. சலாம் கொடுத்துத் திரும்பிய உம்மும்மா சற்று நேரம் அதையே நோக்கினார்கள். பின்னர், குகைத் தோழர்களின் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயைப் பற்றி கஹ்ஃபு சூராவில் வருவதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார்கள். எஞ்சிய படிகளை அச்சமின்றி இறங்கினார்கள். நாய்கள் முன்னே சென்றன.

இம்மலைக்குச் செல்லும் சகோதர சகோதரிகள் முதியோரைப் பகலில் அழைத்துச் செல்லுங்கள். எலுமிச்சையும் உப்பும் உடன் இருக்கட்டும். பிளாஸ்டிக் குப்பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 2010-இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட காடு அது. வழித்துணையாக வரும் வாயில்லா ஜீவன்களுக்கும் ஒரு மிடறு நீர் ஒதுக்குங்கள். அதன் கூலி இறைவனிடம் இருக்கிறது.