ஆங்கிலத்தில் நம்ம நாவல்கள்: முதல் பதிப்பு தேடுறோம்

ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவி வச்சதுக்கப்புறம் நாங்க நாலஞ்சு தொண்டர்கள் மண்டபத்துல பேசுறது பெரும்பாலும் புத்தகத்தைப் பத்திதான். தமிழின் நவீன நாவல்கள் முதன்முதலா ஆங்கிலத்தில் வந்த பதிப்புகளைத் தேடிச் சேர்க்கிறோம். "தமிழ் தெரிஞ்சவங்களுக்கு அது எதுக்கு?"னு ஜொகூர் பாருவில் எங்களைக் கேட்காத ஆள் இல்லை.

பிள்ளைங்களுக்காகத்தான். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் நம்ம குடும்பங்களில் நிறைய. நல்லாப் பேசுவாங்க, எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள சலிச்சுடும்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. எஸ். கிருஷ்ணன் மொழிபெயர்ப்பில் பெங்குவின் வெளியிட்டது 1995இல்தான். 29 வருஷம்! பிளேக் வென்ட்வொர்த்தின் புது மொழிபெயர்ப்பு 2013இல் வந்துவிட்டதால் பழையதைக் கடைக்காரர்கள் மறந்தே போனார்கள். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981, ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆங்கிலம் 2003, கதா வெளியீடு. அசோகமித்திரனின் 'தண்ணீர்' லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரம் மொழிபெயர்ப்பில் 1993, ஹைனமன்.

முதல் அச்சா என்று பார்க்க, பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். சில பதிப்பகங்கள் அங்கே எண்களை வரிசையாகப் போட்டிருக்கும். அதில் இருக்கும் மிகச் சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. 1 இருந்தால் முதல் அச்சு. இவையெல்லாம் பெரும்பாலும் பேப்பர்பேக். நம்ம ஊர் ஈரத்துக்கு முதுகுப் பசை விட்டுடும், மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கும். சிலிக்கா பை போட்டு, மாசம் ஒருதரம் அலமாரியைத் திறந்து காத்தாட வைக்கிறோம்.

அலமாரியைப் பூட்டுறதா, இரவல் கொடுக்கிறதா என்பதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை. "அது என்ன உண்டியலா, பூட்டி வைக்க?" என்றார் மூத்த அண்ணன் ஒருத்தர். கொடுத்தோம். ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி 'தண்ணீர்' வாங்கிட்டுப் போனாள். மெட்ராஸில் ஜமுனா குடத்தோடு அலையும் பக்கங்களைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள். தோட்டத்து லயத்தில் ஒரே குழாயில் வரிசை நின்ன கதையைப் பாட்டி அன்னைக்குத்தான் முதல்முறையா வீட்டில் சொன்னாங்களாம். அதை அவள் புத்தக ஓரத்திலேயே பென்சிலில் எழுதிட்டாள். சேகரிப்பாளர் கண்ணுக்கு விலை குறைஞ்ச பிரதி. நாங்க அழிக்கலை.

வீடு மாத்தும்போது பழைய பேப்பர் லாரிக்குப் போடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. 1995 புளியமரம் இன்னும் கிடைக்கலை. அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கிறோம்.