மாயவரம் – தரங்கம்பாடி கிளைப்பாதை

1620இல் டேனிஷ்காரர் கோட்டை எழுப்பியதும், 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கியதுமான தரங்கம்பாடி, 1845இல் ஆங்கிலேயர் வசமாகி, பின்னர் 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துவிடவே வர்த்தகமும் அங்கே சென்றுவிட, தன் பூர்வ சோபையை இழந்து கிடந்த காலத்தில், 1926இல்தான் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் கிளைப்பாதை அதன் கடற்கரையை வந்தடைந்தது. 1915இல், தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் சிறைசென்று உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பூர்வீக மண்ணைத் தரிசிக்க வந்த காந்தியடிகளுக்குக்கூட அந்த வசதி கிட்டவில்லை என்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வயல்களினூடே சென்ற அவ்வண்டி, மாயவரம் சந்தைக்கும் கச்சேரிக்கும் கல்லூரிக்கும் போகவேண்டிய எளிய ஜனங்களுக்கு எத்தகைய உபகாரமாயிருந்ததென்பதை, அதில் பிரயாணம் செய்த பெரியவர்கள் இன்றும் வாய் ஓயாமல் சொல்வார்கள். வருமானம் போதாதென்று 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிரதேசத்தின் க்ஷேமத்தை டிக்கெட் வசூலைக் கொண்டு மட்டும் அளந்தது நியாயமன்று என்பதே என் திடமான அபிப்பிராயம். அதிலும், சஷ்டியப்த பூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் வயோதிகத் தம்பதிகள் குடும்ப சமேதராக ஆண்டு முழுவதும் வந்து குவியும் திருக்கடையூர் இருக்கையில், பாதையை மீண்டும் அமைக்கக் கோரும் இப்பகுதி மக்களின் விண்ணப்பத்தை ரயில்வே இலாகா அவசியம் பரிசீலிக்க வேண்டும்.