கட்டிலில் உறங்காத தளபதி

நம் நாட்டுப்பற்றின் மீது எவரேனும் ஐயம் எழுப்பும்போதுதான் பிரிகேடியர் முஹம்மது உஸ்மானின் பெயர் நம் நாவில் வருகிறது. ஒரு சான்றிதழைப் போல அதை எடுத்து நீட்டுகிறோம். பேச்சு ஓய்ந்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். அம்மனிதரின் வாழ்வை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? இல்லை.

1912-இல் ஆஸம்கர் மாவட்டத்தின் பீபிபூரில் பிறந்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றவர் அவர். பலூச் படைப்பிரிவில் பணியாற்றினார். 1947 பிரிவினையில் அப்படைப்பிரிவு பாகிஸ்தானுக்குச் சென்றது. ஜின்னாவின் தரப்பிலிருந்து அழைப்பு வந்தும் உஸ்மான் செல்லவில்லை. அது எளிய முடிவன்று. நேற்றுவரை உடன் உண்டு, உடன் தொழுத தோழர்கள் இனி எதிர்ப்புறம் நிற்பார்கள் என்பதை அறிந்தே இங்கு தங்கினார்.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் ஜம்மு பகுதியின் ஜங்கர் எதிரிகளிடம் வீழ்ந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை எனச் சூளுரைத்தார் உஸ்மான். நவ்ஷேராவின் கடுங்குளிரில், தளபதியாக இருந்தும், தரையில் பாய் விரித்தே படுத்தார். 1948 பிப்ரவரி 6 அன்று நவ்ஷேராவின் மீது நடந்த பெருந்தாக்குதலை அவருடைய படை முறியடித்தது. அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைக்கப்பட்டது. மார்ச் மாதம் ஜங்கர் மீட்கப்பட்டது. அன்றிரவு அவர் படுப்பதற்கு முகாமில் கட்டில் இல்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கிவந்தார்களாம். போர்க்கதைகளைவிட நம் மனத்தில் தங்குவது அந்த இரவல் கட்டில்தான்.

அவர் மணம் புரியவில்லை. ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைக் குழந்தைகளின் கல்விக்கே செலவிட்டார். 1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து உயிர் நீத்தபோது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை. மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. தில்லியில் ஜனாஸாவுக்குப் பிரதமர் நேருவே வந்தார்.

ஜாமிஆ மில்லிய்யா பல்கலைக்கழகத்தை ஒட்டிய கப்ருஸ்தானில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கப்ர் சேதமுற்றுக் கிடந்த செய்தி வந்தது. ராணுவமே அதைச் சீரமைத்தது. தில்லி செல்லும் நாம் குதுப் மினாரையும் ஜாமிஆ மஸ்ஜிதையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வரும் விடுமுறையில் பிள்ளைகளை அங்கும் அழைத்துச் சென்று, ஸலாம் கூறி, அவருக்காக துஆச் செய்து வருவதென எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.