மூன்று ரிமோட்டும் என் மாமியாரும்

எங்கள் ஈரோடு வீட்டு ஹாலில், டீப்பாயின் மேல் வரிசையாக மூன்று ரிமோட்கள் இருக்கும். டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. பெங்களூரில் வேலையாயிருக்கும் என் மகன், 2023 தீபாவளிக்கு வந்தபோது ஆசை ஆசையாய் எல்லாம் புதிதாக வாங்கி மாட்டிவிட்டுப் போனான். "பாட்டி, இனிமே வீடே தியேட்டர்தான்!" என்று அவன் சொன்னதும் என் மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவருக்கு வயது 78. மாமனார் போன பிறகு பகல் பொழுதுக்குத் துணை டி.வி.தான். காலையில் கோயில் நிகழ்ச்சி, மத்தியானம் ஒரு சீரியல், சாயங்காலம் செய்தி. பழைய ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று அவர் விரலுக்கே தெரியும்.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். "டி.வி. வேண்டாம் அம்மிணி, கண்ணு கூசுது" என்று சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் ஹாலில் வெறுமனே உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் படுத்துக்கொள்வார். 2021-ல் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆயிற்றே என்று எனக்குப் பயம். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, "கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. பொடி எழுத்துப் படிக்கத்தான் சிரமப்படும். டி.வி. தாராளமாகப் பார்க்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க அத்தை, என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீ கரூர் கல்யாணத்துக்குப் போனயே, அன்னைக்கு எதையோ அமுக்கிட்டேன். திரையில என்னமோ இங்கிலீஷ் எழுத்து வந்து நின்னுபோச்சு. மூணையும் மாத்தி மாத்தி அமுக்கினேன், ஒண்ணும் நடக்கலை. பேரன் அத்தனை காசு போட்டு வாங்கினது. நான் தொட்டுக் கெட்டுப்போச்சுன்னா?"

அன்று நான் வீடு திரும்பியபோது சாயங்காலம் ஆறு மணி. டி.வி. நீலமாய் எரிந்துகொண்டிருந்தது, அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார். நானும் "என்னங்கத்தை, இதைப் போய் அமுக்கிட்டீங்களே!" என்று சிரித்தபடி சரிசெய்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பு அவரை எப்படிச் சுட்டிருக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் கணவர், "பழகினா வந்துடும்" என்றார். சொல்வது சுலபம்! மூன்று ரிமோட்டிலும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், நூற்றுக்குமேல் பொத்தான்கள். அத்தைக்கு வேண்டியதோ ஐந்தே ஐந்து.

மகனிடம் போனில் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரே ரிமோட் இருக்கும்மா. நாம கத்துக்கொடுத்தா அது கத்துக்கும்" என்றான். பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் ஒரு கடையில் விசாரித்து வாங்கி வந்தேன். கூட இருந்த காகிதத்தில் எறும்பு மாதிரி இங்கிலீஷ். பத்தாவது வரை படித்தவள் நான்; முதலில் மலைப்பாகத்தான் இருந்தது. மகன் போனில் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்லச் செய்தேன்.

விஷயம் இதுதான். ரிமோட்டின் மூக்கு நுனியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு மின்னுகிறது. அந்த மின்னலின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால்தான் ஒன்றின் ரிமோட் மற்றொன்றுக்கு உதவுவதில்லை. கற்கும் ரிமோட்டை மேஜைமேல் வைத்து, பழைய ரிமோட்டை அதற்கு நேர் எதிரே, மூக்கும் மூக்கும் பார்க்கிற மாதிரி இரண்டு விரல்கடை தள்ளி வைக்க வேண்டும். புதியதில் 'கற்றுக்கொள்' பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பாடம் ஏற வேண்டிய பொத்தானைத் தொட்டுவிட்டுப் பழையதில் அதற்குரியதை அமுக்கினால், விளக்கு கண் சிமிட்டும். பாடம் ஏறிவிட்டது! இரண்டிலும் பாட்டரி புதிதாக இருக்கட்டும். ஜன்னல் வெயில் நேரே விழாத இடமாகவும் இருக்கட்டும்.

மகன் இன்னொரு கதையும் சொன்னான். 1950-ல் அமெரிக்காவில் ஸெனித் கம்பெனி விற்ற முதல் டி.வி. ரிமோட்டுக்கு நீள ஒயர் உண்டாம். அது காலில் தட்டி ஆட்கள் தடுக்கி விழுவார்களாம். அதற்கு வைத்த பெயரோ 'லேஸி போன்ஸ்', அதாவது சோம்பேறி! ஒரு ரிமோட் மற்றதிடம் பாடம் கற்பது 1985-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி மூலம் வந்ததாம்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரே பொத்தானில் மூன்றுக்கும் உத்தரவு போகிற மாதிரி வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதுவரை ரிமோட்டை டி.வி. பக்கம் நீட்டியபடியே பிடித்திருக்க வேண்டும். அத்தையோ அமுக்கிய கையோடு மடியில் வைத்துவிடுவார். டி.வி. வரும், ஸ்பீக்கர் வராது. மறுபடி அமுக்கினால் ஸ்பீக்கர் வரும், டி.வி. அணைந்துபோகும்! போடவும் அணைக்கவும் ஒரே பொத்தான்தானே! ரிமோட்டுக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும். எதிரே இருப்பது கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அன்று சிரித்துவிட்டுப் போன நானும் அப்படித்தானே இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, "உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டேன். "போடணும், அணைக்கணும், சத்தம் கூட்டணும், குறைக்கணும், சேனல் மாத்தணும். அவ்வளவுதான் அம்மிணி." ஸ்பீக்கரை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன், டி.வி.யின் சொந்தச் சத்தமே அவருக்குப் போதும். செட்டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டேன். ஆக, போடுகிற பொத்தானுக்கு டி.வி. ஒன்றுதான் வேலை. அந்த ஐந்து பொத்தான்களின் மேலும் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், தடவினாலே தெரியும்படி. போட அணைக்கப் பெரிய பொட்டு, மற்றவற்றுக்குச் சின்னது. வேண்டாத பொத்தான்களுக்குப் பாடமே ஏற்றவில்லை. எதை அமுக்கினாலும் ஒன்றும் கெடாது என்று அவரையே எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

வாசகியருக்கு அனுபவத்தில் சில வார்த்தை. பழைய ரிமோட்களைத் தூக்கி எறியாதீர்கள். புதியது உடைந்தால் மறுபடி பாடம் சொல்லித்தர அந்த வாத்தியார்கள் வேண்டும். ரிமோட் வேலை செய்யாவிட்டால், செல்போன் காமிராவுக்கு எதிரே பிடித்து அமுக்கிப் பாருங்கள். அநேக போன்களில், அதுவும் முகம் பார்க்கும் காமிராவில், ஊதா நிறமாக மினுக்கும். மினுக்கினால் பாட்டரியில் குறையில்லை.

கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் ஒன்று மிக முக்கியம். ஸ்பீக்கருடன் வரும் மெல்லிய ரிமோட்டில் பல சமயம் நாணயம் போன்ற வட்ட பாட்டரி இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் அந்த ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் நாத்தனார் பேத்தி அடிக்கடி வருகிற வீடு இது.

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து பையும் கையுமாக உள்ளே வந்தேன். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் அத்தையோடு உட்கார்ந்திருந்தார். "இந்தப் பெரிய பொட்டைத் தொடு, வந்துரும். பயப்படாதே, ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று அத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"வா அம்மிணி, செத்த உட்காரு. உனக்கு எது போடட்டும்?"